இன்னும் சொல்லிக் கொடுக்காத பக்கம்

அந்த அறையில் பிள்ளை வாசித்து முடித்ததும் நான் சிரிக்கக் கூடாது. தலையாட்டக் கூடாது. "நல்லா படிச்சே" என்று சொல்லவே கூடாது. "நன்றி, அடுத்தது பார்க்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் ஓர் ஆய்வில் எனக்கு வேலை; பயிற்சி நாளில் அதை நடத்தும் ஆய்வாளர் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பாராட்டிவிட்டால் பிள்ளை அடுத்த பக்கத்தை எழுத்தைப் பார்த்து வாசிக்காது, நம் முகத்தைப் பார்த்து வாசிக்கும் என்பது காரணம். சரியான விதி. பத்திரிகையில் இருந்த காலத்தில் பேட்டிக்குப் போனால் நானும் முகத்தை அப்படித்தான் வைத்துக்கொள்வேன்.

எனவே, கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் பொருள் அறையில், முதல் நாள் முதல் பிள்ளை முடித்தபோது நான் கைதட்டவில்லை. தட்டியது சன்னலுக்கு வெளியே நின்ற தலைமையாசிரியரும் இரண்டு ஆசிரியைகளும்.

நான்காம் ஆண்டு மாணவி. இரட்டைச் சடை, இஸ்திரி மடிப்புக் கலையாத நீலப் பினஃபோர். "எங்க பள்ளி ஸ்டார் மேடம். இவளையே முதல்ல வச்சுக்குங்க, உங்களுக்கும் நாள் நல்லா தொடங்கும்" என்று தலைமையாசிரியரே அழைத்துவந்து உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தார். செய்யுள் ஒப்புவிக்கும் போட்டியில் போன ஆண்டு மாநில அளவில் முதல் பரிசு வாங்கியவள். நடைவழியில் இருந்த கோப்பை அலமாரியில் அவள் படம் இரண்டு இடத்தில் இருந்தது.

கதை அச்சிட்ட அட்டையை அவள் முன் வைத்தேன். முதுகை நிமிர்த்தி, ஆள்காட்டி விரலை முதல் வரியில் வைத்துத் தொடங்கினாள். அப்பாவோடு பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போன பையன் ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிடும் கதை. குரல் ஏற வேண்டிய இடத்தில் ஏறியது. கடைக்காரர் பேசும் இடத்தில் கடைக்காரராகவே பேசினாள். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. விரல் வரிவரியாக இறங்கி வந்தது. கதை முடிந்தபோது விரலுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் எழுத்து மீதம் இருந்தது.

அந்த அட்டையில் அச்சிட்டிருந்தது வேறு கதை. சாக்கடையில் விழுந்த பூனைக்குட்டி ஒன்றைப் பற்றியது.

எங்களிடம் இரண்டு அட்டைகள் இருந்தன. வெளியே போகும் பிள்ளை அடுத்த பிள்ளையிடம் கதையைச் சொல்லிவிடும் என்பதால் மாற்றி மாற்றிக் கொடுப்போம். இரண்டிலும் படம் கிடையாது. படத்தைப் பார்த்து ஊகிக்க இடம் கொடுக்கக் கூடாது. பாசார் மாலாம் கதையை மட்டும் சில வாரங்களுக்கு முன் தலைமையாசிரியர்களுக்கான விளக்கக் கூட்டத்தில் மாதிரியாகத் திரையில் காட்டியிருந்தார்கள். அங்கேயே கைப்பேசியில் படம் பிடித்திருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் அதுதான் வரும் என்று நினைத்து, வகுப்பை நிற்க வைத்து, ஆசிரியை ஒரு வரி சொல்ல எல்லாரும் ஒரு வரி சொல்லி, நாள்கணக்கில் பாடம் நடந்திருக்கிறது. அன்று காலை அடுக்கில் மேலே இருந்த அட்டை பூனைக்குட்டி.

வெளியே கைதட்டல் ஓய்ந்தது. ஒருவர் சன்னல் வழியாகக் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். நான் அட்டையைத் தொட்டு, "இந்த முதல் வரிய மட்டும் இன்னொரு தடவ படிக்கிறியா?" என்று கேட்டேன்.

அவள் வரியைப் பார்த்தாள். முதல் முறையாக உண்மையிலேயே பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு என்னைப் பார்த்தாள். பயப்படவில்லை. பொய் சொல்லவும் இல்லை.

"இது இன்னும் சொல்லிக் கொடுக்கல டீச்சர்."

"தெரிஞ்ச எழுத்து ஏதாவது இருக்கா பாரு."

குனிந்து பார்த்து இரண்டு மூன்று எழுத்தைத் தனித்தனியாகச் சொன்னாள். ஒன்றோடு ஒன்று சேரவில்லை. பிறகு அவளே ஒரு வழி சொன்னாள், எனக்கு உதவி செய்கிற தொனியில்: "நீங்க ஒரு தடவ படிங்க டீச்சர். நான் அப்படியே சொல்லிருவேன்."

சொல்லியிருப்பாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் விதிப்படி நன்றி சொல்லி அனுப்பினேன். கதவருகே திரும்பி, "நல்லா இருந்துச்சா டீச்சர்?" என்று கேட்டாள். அதற்கும் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

அந்தக் காலை முழுவதும் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். பாசார் மாலாம் கிடைத்தவர்கள் அருவிபோல் கொட்டினார்கள். பூனைக்குட்டி கிடைத்தவர்களில் பலர் தட்டுத் தடுமாறியாவது கரை சேர்ந்தார்கள்; வாசிக்கத் தெரிந்த பிள்ளை எப்படித் தடுமாறும் என்பது கேட்டாலே தெரியும். சொல்லின் பாதியில் நிற்கும், பின்னால் போகும், மறுபடி வரும். சிலர் அவளைப் போலவே பூனைக்குட்டியைப் பார்த்துக்கொண்டு செருப்பைத் தொலைத்தார்கள். ஆனால் அவளைப் போல அழகாக யாரும் தொலைக்கவில்லை.

இடைவேளையில் பிள்ளைகளிடம் பேசிக்கொண்டிருந்ததில் அவள் எப்படித் தப்பித்து வந்தாள் என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. வகுப்பில் வாசிக்கச் சொன்னால் முதலில் எழ மாட்டாள். இரண்டு பேர் வாசித்த பிறகு கை தூக்குவாள். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவாள், அச்சு மாதிரி கையெழுத்து. கோலம் போடுகிறவள் புள்ளியைப் பார்த்துப் போடுவதுபோல. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியையின் குரலில் வரும். தோழிகளுக்குள்ளும் குரல்பதிவுதான். கீழ் வகுப்புகளில் இப்போது பெரிய தேர்வு கிடையாது, வகுப்பாசிரியரே மதிப்பிட்டு எழுதுகிறார். மேடையில் அப்படி முழங்குகிற பிள்ளைக்கு எந்த ஆசிரியர் குறைத்து எழுதுவார்?

தலைமையாசிரியர் அறையில் எனக்குக் காரிபாப் பலகாரமும் தே தாரிக் தேநீரும் வைத்திருந்தார்கள். விதியை மீறாமல் எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு சொன்னேன்: ஒரு கதை முன்கூட்டியே வெளியே போயிருக்கிறது என்று.

அவர் சிரித்தார். கெட்டவர் அல்ல. பள்ளிக்குக் கூரை மாற்ற ஊர் ஊராக அலைந்தவர் என்று எல்லாரும் சொல்வார்கள்.

"மேடம், நீங்க பத்திரிகைக்காரங்க. உங்களுக்குத் தெரியாததா? தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்களுக்குப் படிக்க வரலன்னு ஒரு அறிக்கை வந்தா மறுநாள் என்ன ஆகும்? அடுத்த வருஷம் ஒண்ணாம் ஆண்டுக்கு யாரு பிள்ளைய கொண்டாந்து விடுவா? இப்பவே ஆள் கொறஞ்சுகிட்டு வருது. நம்ம பள்ளி லா. நாமளே வெட்டிக்க முடியுமா?"

"இந்த ஆய்வு எதுக்குன்னு தெரியுமில்ல சார்? வாசிப்புல பின்தங்கின பள்ளிகளுக்கு ஒரு வருஷத்துக்குத் தனி ஆசிரியர் அனுப்பப் போறாங்க. நல்லா படிக்கிறாங்கன்னு காட்டினா உங்களுக்கு வராது."

"வேணாமே. எங்க பிள்ளைங்க நல்லாத்தான் படிக்கிறாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பிள்ளையக் கேட்டீங்க இல்ல? எப்படி? ஒரு தடவ காதுல விழுந்தா போதும் மேடம். கடவுள் குடுத்த வரம்."

"அவளுக்குப் படிக்கத் தெரியாது சார்." விதியை அங்கேயே மீறிவிட்டேன்.

"யாருக்கு? அவளுக்கா?" சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, அதை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "கோப்பை அலமாரியப் பாத்தீங்களா, இல்லையா?"

பார்த்தேன். அலமாரிக்குப் பக்கத்து அறையையும் பார்த்திருந்தேன். கதவில் மஞ்சள் அட்டையில் 'குறைநீக்கல் வகுப்பு' என்று எழுதியிருந்தது. வாசிப்பில் பின்தங்கும் பிள்ளைகளை முதல் மூன்று ஆண்டுகளுக்குள் பிடித்துச் சரிசெய்ய அரசாங்கமே வைத்திருக்கும் வகுப்பு அது. அதற்கென்றே ஓர் ஆசிரியை, குட்டி நாற்காலிகள், எழுத்து அட்டைகள், எல்லாம் இருந்தன. இந்தப் பிள்ளை மூன்று ஆண்டும் அந்தக் கதவைத் தாண்டித்தான் செய்யுள் பயிற்சிக்குப் போயிருக்கிறாள். குறைநீக்கல் நடக்கும் அதே நேரத்தில்தான் பயிற்சியும் என்று பிறகு தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்தால் கை சில்லிட்டுப் போகும். தே தாரிக் கோப்பையைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டேன்.

நான் அன்று வீடு திரும்பியது கொமுட்டர் ரயிலில் அல்ல. ஆய்வாளர் பக்கத்துப் பள்ளியில் வேலையை முடித்துவிட்டுத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். பங்சாரில் இருப்பவர், என்னைவிட இளையவர், தமிழ்ப்பள்ளியிலேயே படித்து முனைவர் ஆனவர். அவரை எனக்குப் பிடிக்கும். கூட்டரசு நெடுஞ்சாலையில் வண்டிகள் நகரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப இந்தப் பள்ளிய எடுத்துரணும் அக்கா."

"எடுத்துரணும்னா?"

"தரவு கெட்டுப்போச்சு. ஒரு கதைய மனப்பாடம் பண்ணியிருக்காங்கன்னா எது வாசிப்பு எது ஞாபகம்னு பிரிக்க முடியாது. ஆய்வுலேருந்தே விலக்கிரணும். அதுதான் சுத்தம்."

"விலக்கினா தனி ஆசிரியர்?"

"ஆய்வுல இல்லாத பள்ளிக்கு எப்படி அக்கா குடுக்கிறது?"

லோரி ஒன்று எங்கள் பக்கம் நுழைய முயன்றது. அவர் இடம் விட்டார். நான் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். அவர் அதற்குச் சொன்ன பதில் நிதானமானது, அறிவியல்படி சரியானது. நான்காம் ஆண்டிலிருந்து அறிவியல், கணிதம், வரலாறு எல்லாம் புத்தகத்துக்குள் போய்விடும், அதற்குள் போக வழி இல்லாத பிள்ளை ஒவ்வொரு பாடத்திலும் தனித்தனியாகத் தோற்கும், அப்போது எல்லாரும் சோம்பேறி என்பார்கள், பிள்ளையும் நம்பிவிடும் என்றார். ஞாபகசக்தி அதிகமுள்ள பிள்ளைகளிடம் இதைக் கண்டுபிடிக்கத் தாமதமாகும், ஞாபகமே மூடி மறைத்துவிடும், படித்திருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை என்றார். கடைசிச் சொற்களில் ஓர் ஆர்வம் இருந்தது.

"அப்ப அவங்க அம்மாகிட்ட சொல்லணும்."

"முடியாதுக்கா. தனிப்பட்ட பிள்ளையோட முடிவ யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு ஒப்புக்கிட்டுத்தான் பள்ளிக்குள்ளயே விட்டாங்க. பள்ளிக்கும் சொல்லக் கூடாது, பெற்றோருக்கும் சொல்லக் கூடாது. பிள்ளையப் பாதுகாக்கத்தான் அந்த விதி."

"யார்கிட்டேருந்து பாதுகாக்க?"

கொஞ்ச தூரம் போன பிறகு அவர், "கோபமா அக்கா?" என்று கேட்டார். பதில் தெரிந்துதான் கேட்டார்.

கோபம்தான். அன்று இரண்டு விதமான சுத்தத்தைப் பார்த்திருந்தேன். ஒருவருக்குப் பள்ளியின் பெயர் சுத்தமாக இருக்க வேண்டும். மற்றவருக்கு ஆய்வு சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டு பேருமே பிள்ளைகளுக்காகத்தான் உழைக்கிறார்கள். இருவரும் அதை நம்பியும் இருந்தார்கள். இரண்டு சுத்தமும் சேர்ந்து ஒரு பிள்ளையைத் துடைத்தெடுத்துவிடும் போலிருந்தது. அவர்கள் அயோக்கியர்களாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அயோக்கியரைப் பற்றி எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

அந்த வார இறுதியில் கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். பிள்ளையின் அம்மா அங்கே ஒரு புடவைக் கடையின் மாடியில் ரவிக்கை தைக்கிறார் என்று பிள்ளையே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள். மறுபடியும் விதியை மீறப் போகிறோம் என்று தெரிந்துதான் படி ஏறினேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

மெலிந்த பெண். கழுத்தில் அளவு நாடா. என்னை ரவிக்கை தைக்க வந்தவள் என்று நினைத்து, "உக்காருங்கக்கா, தீபாவளி துணின்னா இப்பவே சொல்லிருங்க" என்றார். நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"என் பிள்ளை சொன்னா. ஒரு டீச்சர் தனி ரூம்ல கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாங்க, எல்லாரும் கை தட்டுனாங்கன்னு."

நான் நேராகச் சொன்னேன். இப்படிப்பட்ட செய்தியைச் சுற்றி வளைத்துச் சொல்வது கேட்பவரை இரண்டு தடவை அடிப்பது மாதிரி. பத்திரிகையில் கற்றது அது. தையல் இயந்திரத்தின் மேல் இருந்த அவர் கை அசையவில்லை.

"எம்பிள்ளைக்கா?"

"ஆமாம்மா."

"கோயில்ல முழுப் பதிகமும் பாக்காம பாடுவா, தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். பாக்காமத்தான் பாடுறா."

அவருக்கு அது உறைத்தது. கோபமாகத் திரும்பியது. "எங்க மாதிரி வீட்டுப் பிள்ளை மேடை ஏறுனா யாருக்குக்கா கண்ணு பொறுக்கும்? அவங்க அப்பா லோரி ஓட்டுறாரு. வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு வராரு. வந்தா இவ ஒப்பிக்கிறத உக்காந்து கேட்டுட்டுத்தான் சாப்பிடுவாரு. அதையும் இல்லன்னு சொல்ல வந்துட்டீங்க."

பக்கத்து இயந்திரத்தில் இருந்த பெண் தைப்பதை நிறுத்திவிட்டிருந்தார்.

நான் எழுந்தேன். "நான் சொல்றத நம்ப வேணாம். அவ காதுல இதுவரைக்கும் விழாத ஒண்ண நீங்களே எழுதிக் குடுத்துப் பாருங்க. யாரும் சொல்லிக் கொடுக்க முடியாத ஒண்ணு." என் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். கீழே கடையில் தீபாவளி விலைக் கழிவுக்கு ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது.

சில நாள் கழித்து அவரிடமிருந்து குரல்பதிவு வந்தது. அவரும் கைப்பேசியில் எழுத மாட்டார், பேசித்தான் அனுப்புவார். பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டேன். பிறகு செருப்பு ஒன்றைக் கழற்றாமலே நின்று முழுவதும் கேட்டேன்.

அன்று அவருக்குக் கூடுதல் நேர வேலை. அடுப்பு எரிவாயு தீர்ந்துவிட்டதால் சோறு வைக்கவில்லை. கீழ் வீட்டில் சொல்லி வைத்துவிட்டு, அளவெடுக்கும் காகிதத்தில் பெரிய எழுத்தில், 'கீழ் வீட்டு ஆன்டியிடம் சாப்பாடு இருக்கிறது. போய் வாங்கிச் சாப்பிடு' என்று எழுதிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். வாயால் சொல்லாமல் விட்டது வேண்டுமென்றேதான். இருட்டிய பிறகு வந்து பார்த்தால் பிள்ளை மைலோத் தூளைக் கரண்டியால் தின்று பசியாறி உட்கார்ந்திருக்கிறாள். காகிதம் கதவில் இல்லை. மடித்துத் தன் பள்ளிப் பைக்குள் வைத்திருக்கிறாள்.

"எழுதுனத படிச்சியான்னு கேட்டேன்க்கா. படிச்சேம்மான்னா. என்ன எழுதியிருந்தேன்னு கேட்டேன்." பதிவில் இங்கே பின்னால் தொலைக்காட்சி ஓடும் சத்தம் மட்டும். "பத்திரமா இருன்னு எழுதியிருந்தீங்கன்னு சொல்றாக்கா."

அடுத்த நாளே அவர் பள்ளிக்குப் போனார். என்னையும் வரச் சொன்னார். "நீங்கதான் மூட்டி விட்டீங்க, நீங்க வந்து நில்லுங்க." போனேன்.

தலைமையாசிரியர் என்னைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டார். காரிபாப் இல்லை. பிள்ளையை அழைத்து நாற்காலிக்கு அருகே நிறுத்தியிருந்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"அம்மா, போட்டிக்கு ரெண்டு மாசம்கூட இல்ல. இப்ப பயிற்சிய நிறுத்துனா எல்லாம் வீணாயிரும். போட்டி முடியட்டும், நானே தனி கிளாஸ் போட்டுத் தரேன்."

"போன வருஷமும் போட்டி இருந்துச்சு சார்."

"அதுல ஜெயிச்சாதானே?"

"ஜெயிச்சா. வீட்டுல சோறு எங்க இருக்குன்னு எழுதி வச்சா தெரியல."

அவர் என் பக்கம் திரும்பினார். "மேடம், இதானா உங்க ஆய்வு? ஒரு பிள்ளையோட தன்னம்பிக்கைய உடைக்கிறதா?"

"தன்னம்பிக்கை உங்க அலமாரிக்குத்தான் சார் உடையும்" என்றேன். அந்தச் சொல் தேவையில்லைதான். ஆனாலும் சொன்னேன்.

"பக்கத்து ரூம்ல உக்கார வைங்க சார்" என்றார் அம்மா. "எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாம். தினம் அந்த நேரத்துல அந்த ரூம்ல உக்கார வைங்க."

"அது மூணாம் ஆண்டு வரைக்கும்தான். அதுவும் ஸ்டார் பிள்ளைய அங்க உக்கார வச்சா மத்த பிள்ளைங்க என்ன நினைக்கும்? வெளியில என்ன பேசுவாங்க?"

அதுவரை பேசாமல் நின்ற பிள்ளை பேசினாள். அம்மாவைப் பார்த்து, மெதுவாக. "அது மக்குப் பிள்ளைங்க ரூம்மா."

அந்தச் சொல்லை அவள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் கற்றிருந்தாள். அதை மட்டும் யாரும் வரிவரியாகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. தலைமையாசிரியர் மேசையைப் பார்த்தார். அன்று அவரிடம் நான் கண்ட ஒரே நல்ல விஷயம் அதுதான்.

அம்மா எழுந்தார். அனுமதி கேட்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்து நடைவழியில் கூட்டிப்போய் மஞ்சள் அட்டை ஒட்டிய கதவைத் தட்டினார். உள்ளே இருந்த ஆசிரியை இளம்பெண், அவளைப் பார்த்ததும் வியந்துபோய், "நீயா?" என்றார். பிறகு எங்களைப் பார்த்துவிட்டு, வேறு எதுவும் கேட்காமல், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஒரு பொடியன், "அக்கா, நீங்க பாட்டு சொல்லித்தர வந்தீங்களா?" என்று கேட்டான்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அம்மாவை அல்ல, என்னை. ஒரு பெரிய ஆளை அந்த அளவுக்கு வெறுக்கும் துணிச்சல் பல பிள்ளைகளுக்கு வராது. பிறகு முழங்கால் மேசையில் இடிக்க அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

என் வேலை அந்த வாரமே போயிற்று. ஆய்வாளர் மிக மரியாதையாக ஒரு செய்தி அனுப்பினார்: நம்பிக்கை மீறப்பட்டால் மற்ற பள்ளிகளும் கதவைச் சாத்திவிடும், அக்கா புரிந்துகொள்வீர்கள் என்று. புரிந்தது. அவர் சொன்னதும் உண்மைதான். பள்ளி ஆய்விலிருந்து விலக்கப்பட்டது. தனி ஆசிரியர் வேறெங்கோ போனார். பூனைக்குட்டியைப் பார்த்துச் செருப்பைத் தொலைத்த மற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுடைய அம்மாக்கள் யார், எங்கே வேலை செய்கிறார்கள் என்றும் தெரியாது. செய்தியாக எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். நம் பள்ளியைப் பற்றி நாமே எழுதலாமா என்று திருப்பிக் கேட்டார்கள். அந்த வாரம் அவர்களுடைய கல்விப் பக்கத்தில் கோப்பைகளும் பிள்ளைகளும் நின்ற படங்கள் வழக்கம்போல வந்தன.

இப்போது நினைத்தாலும் கோபம் தணியவில்லை. தணிய வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். பிள்ளை தப்பித்துவிட்டதே என்கிறார்கள். ஒரு பிள்ளை தப்பிக்க ஓர் அட்டை மேலே இருக்க வேண்டியிருந்தது, ஒரு விதி மீறப்பட வேண்டியிருந்தது, ஓர் அம்மா தன் பிள்ளையைப் பட்டினி போட வேண்டியிருந்தது. இதை ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

மறு ஆண்டு தீபாவளிக்கு அந்த அம்மா என்னை வீட்டுக்கு அழைத்தார். போட்டிக்கு வேறு பிள்ளை போனதாகவும், வீட்டில் அப்பாதான் அதிகம் உடைந்துபோனதாகவும், இப்போது வீட்டுக்கு வந்தால் அவள் வாசிப்பதைக் கேட்க உட்காருகிறார், ஆனால் பாதியில் தூங்கிவிடுகிறார் என்றும் தொலைபேசியில் சொன்னார். "மாட்டு வண்டி மாதிரி படிக்கிறா. உங்க மேல இன்னும் கோபமாத்தான் இருக்கா, சொல்லிட்டேன்."

அவர்கள் இருப்பது ஃபிளாட்டின் மேல் மாடிகளில் ஒன்று. கீழே லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அவளே வந்து நின்றாள், கையில் பனிக்கட்டிப் பொட்டலத்தோடு, கடைக்கு அனுப்பியிருப்பார்கள் போல. வளர்ந்திருந்தாள். என்னைத் தெரியாத மாதிரி நின்றாள். லிஃப்டுக்குள் எங்களோடு பலகாரத் தட்டோடு ஒரு தடித்த ஆன்டியும், முறுக்கு டின்னோடு ஒரு கிழவரும் ஏறினார்கள்.

உள்ளே சுவரில் யாரோ பேனாவால் எழுதிய ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அவள் அதன் முன் நின்றாள். அவள் மாடி வந்தது, கதவு திறந்தது. அவள் வெளியே போகவில்லை. ஒரு காலை நீட்டிக் கதவை மறித்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். சொல்லின் பாதியில் நின்றாள், பின்னால் போனாள், மறுபடி வந்தாள்.

"ஏய், இறங்கு இல்ல கதவ விடு" என்றார் ஆன்டி. "பலகாரம் ஆறுது."

"இருங்க ஆன்டி."

"தோசை மாவு விக்கிறேன்னு போட்டிருக்கு. எழுதுனதே நான்தான். வீட்டு நம்பர் வேணுமா, சொல்றேன்..."

"சொல்லாதீங்க."

ஆன்டி என்னைப் பார்த்தார். "யாரு வீட்டுப் பிள்ளை இது, இவ்வளவு திமிரு?"

லிஃப்ட் கூவத் தொடங்கியது. கிழவர் டின்னை மறு கைக்கு மாற்றினார். பனிக்கட்டிப் பொட்டலத்திலிருந்து தண்ணீர் அவள் செருப்பின் மேல் சொட்டியது. அவள் காலை எடுக்கவில்லை. இரண்டாவது வரிக்குப் போயிருந்தாள்.